ஈயக்குட்டையின் அந்தக் கரை

முதலில் நான் ஒரு பாயைக் கெடுத்தேன். படகு ஓட்டக் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவில் ஒரு கன்வாஸ் கடையில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு மூடுகிற படுதா, கார் சீட்டு உறை, கடை வாசலில் வெயிலுக்குக் கட்டுகிற துணி, எல்லாமே தடித்த சரக்கு. ரவிக்கை தைக்கிற மிஷினில் இதெல்லாம் ஏறாது. பெரிய ஊசி, இரும்புப் பல், ஓட்டினால் தரையே அதிரும். அந்த மிஷினில் உட்காருகிற ஒரே பெண் நான்தான். என் தையலை யானை இழுத்தாலும் பிரியாது என்று சீன முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் ஒரு பெண் சுருட்டிய வெள்ளைத் துணியோடு கடைக்கு வந்தார். செமோர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழ்ப் பெண், கிறிஸ்தவர், லுமுட் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். துணி ஓரத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. "படகுப் பாய், அக்கா. கிழிசல மட்டும் தச்சா போதும்," என்று கொடுத்துவிட்டுப் போனார்.

கிழிசலைத் தைத்து முடித்தேன். மடிப்பதற்காகத் தரையில் விரித்தால் துணி படியமாட்டேன் என்கிறது. ஓரத்தை அழுத்தினால் நடுவில் எழும்புகிறது, நடுவை அழுத்தினால் ஓரம் சுருங்குகிறது. சோற்றுக்குப் பிறகு மல்லாந்து படுத்த ஆளின் தொப்பை மாதிரி நடுவில் ஒரு வீக்கம். எந்தப் புண்ணியவான் வெட்டினானோ என்று அவனைத் திட்டிக்கொண்டே, கேட்காமலேயே ஓரங்களைப் பிரித்து, வீக்கத்தை உள்ளே பிடித்து, மறுபடி தைத்தேன். பாய் மேசை விரிப்பு மாதிரித் தட்டையாக வந்தது. முதலாளியிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் டீச்சர் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் ஏதோ கோளாறு என்று தெரிந்தது.

"அக்கா, இதுல யாரு கை வச்சது?"

"நான்தான். கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அந்தத் தொப்பையிலதான்கா காத்து உக்காரும். தட்டையா இருந்தா வழுக்கிட்டுப் போயிரும். படகு நகராது," என்றார்.

என் தையலை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "பாத்தாத்தான் நம்புவேன் டீச்சர்," என்றேன். அவரும் விடவில்லை. "சரி, ஞாயித்துக்கெழம வாங்க. பிளேடையும் எடுத்துட்டு வாங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். அவர் பஸ் கம்பெனி பட்டறையில் மெக்கானிக். இரண்டு பேருமே சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்காக குனோங் ராபாட்டில் வாடகை வீடு எடுத்துத் தங்கிவிட்டோம். பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்தில் அதற்காக என்னென்னவோ பேசுவார்கள். விரதம் சொல்வார்கள், மருந்து சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு அலுத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் எங்காவது போவதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

டீச்சரின் படகு இருந்த இடம் ஒரு பழைய ஈயக்குட்டை. ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று ஏரி மாதிரி ஆகிவிடும். ஈப்போவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அப்படிக் குட்டைகள்தான். கரையெல்லாம் வெள்ளை மணல். பின்னால் சுண்ணாம்பு மலைகள். கரை ஓரத்தில் வாத்து வளர்க்கிற ஒரு சீனரின் தகரக் கொட்டகை. படகை அதன் நிழலில்தான் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டீச்சருடைய அப்பா தன் கையால் பலகை வெட்டிச் செய்த சின்னப் படகு. ஒரு பாய்மரம், ஒரு பாய், இரண்டு பேர் உட்காரலாம். அப்பா இறந்ததும் டீச்சர் அதை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்.

என் கணவர் மோட்டாரை விட்டு இறங்கவே இல்லை. "இதுக்கு அடியே கெடையாதுலா. உள்ள பழைய இரும்பெல்லாம் கெடக்கு. எத்தன பேர இழுத்திருக்கு தெரியுமா?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் லயத்துக் குழாயடித் தண்ணீர்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆழம் தெரிந்த இடத்திலும் காலை விட்டதில்லை.

டீச்சர் முதலில் நான் தட்டையாக்கிய பாயையே கட்டிப் படகைத் தள்ளினார். நல்ல காற்று இருந்தும் படகு பசித்த எருமை மாதிரி நகர்ந்தது. திரும்பி வந்து, "இப்ப பிரிங்கக்கா," என்றார். மணலில் உட்கார்ந்து என் தையலை நானே பிரித்தேன். கொண்டுபோயிருந்த கை ஊசியால் பழைய கோட்டிலேயே பெரிய தையலாகப் போட்டுக் கொடுத்தேன். மறுபடி பாய் ஏறியது. நடுவில் அந்தத் தொப்பை உப்பியது, அவ்வளவுதான், படகு சர்ரென்று கிளம்பிவிட்டது. எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. தண்ணீர் பிளக்கிற சத்தம் மட்டும் கரையில் கேட்டது.

நான் தோற்றுப்போனேன், ஆனால் அது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. பசி எடுப்பது மாதிரி வயிற்றிலிருந்து வந்தது அந்த ஆசை. வேடிக்கை பார்க்கிற ஆசை இல்லை. அந்தக் கயிற்றை நான் பிடிக்க வேண்டும் என்கிற ஆசை.

கேட்டேன். டீச்சர் உடனே ஏற்றிக்கொள்ளவில்லை. "மொதல்ல மெதக்கக் கத்துக்கிட்டு வாங்க," என்றார்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. கணவரின் பழைய சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஈப்போ நீச்சல்குளத்தில், ஆழமில்லாத பக்கத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி இருமாத நாளே கிடையாது. டீச்சர் என் பிடரியின் கீழ் ஒரு விரலை மட்டும் வைத்திருப்பார். ஒரு நாள் அந்த விரல் இல்லை என்பது எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நீந்த வராவிட்டாலும் பதறாமல் மிதக்க வந்தது. அதற்குப் பிறகுதான் மிதவைச் சட்டையை என் மேல் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, படகில் ஏற்றினார்.

யாராவது இதைக் கற்றுக்கொள்ள நினைத்தால் அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் படகைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். டீச்சர் என்னைக் கரையில் கண்ணை மூடி நிற்கவைத்தார். "தலைய மெதுவா திருப்புங்கக்கா. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி சத்தம் கேக்குதா? அப்ப உங்க மூக்கு எந்தப் பக்கமோ அங்கருந்துதான் காத்து வருது." அன்றிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அடுத்தது சுக்கான். பின்னால் இருக்கிற அந்தக் கட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் போகும். என் கை அதைப் புரிந்துகொள்ளவே பல வாரம் ஆனது. வாத்துக் கூட்டத்துக்கு நடுவில் எத்தனை தடவை புகுந்தேன் என்று கணக்கில்லை. வாத்துகள் பழகிவிட்டன, நான் வருவதைக் கண்டாலே ஒதுங்கும். பாயின் அடியில் குறுக்கே கிடக்கிற கட்டை வேறு, படகு திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாயும். குனி என்றால் குனிய வேண்டும். குனியாமல் நெற்றியில் வாங்கிய அடி, மறுநாள் கடையில் முதலாளி என் கணவரைப் பற்றிச் சந்தேகமாக விசாரிக்கிற அளவுக்கு வீங்கிவிட்டது.

காற்று வருகிற திசையை நோக்கி நேராகப் படகு போகவே போகாது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் கொஞ்ச தூரம் இடது பக்கம் சாய்ந்து போய், திரும்பி, கொஞ்ச தூரம் வலது பக்கம் சாய்ந்து போய், இப்படியே ஏற வேண்டும். வீட்டில் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். என் கணவர் சோற்றை மென்றுகொண்டே, "கேமரன் மலை ரோடு மாதிரி. நேரா ஏறுனா பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும்," என்றார். எனக்கு அதைவிட நன்றாக யாரும் விளக்கவில்லை. ஆனால் மனிதர் தண்ணீர் பக்கம் மட்டும் வரமாட்டார்.

எனக்கு ரொம்ப நாள் வராத பாடம் ஒன்று இருந்தது. "பயமா இருந்தா கயிற விட்டுருங்கக்கா," என்று டீச்சர் ஓயாமல் சொல்வார். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு அது. விட்டால் பாய் தளர்ந்து காற்று வெளியே போய்விடும், படகு தானாக நிமிர்ந்து நின்றுவிடும். கேட்க சுலபம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் வராது. ரப்பர் பால் வாளியைச் சைக்கிளில் கட்டினால் இறுக்கிக் கட்டுவோம். மேட்டிலும் பள்ளத்திலும் அவிழ்ந்தால் காலையெல்லாம் வெட்டிய பால் ரோட்டில். கையில் பிடித்ததை விடாதே என்பதுதான் நாங்கள் பால் குடித்தபோதே படித்த பாடம். காற்று அதிகமானால் நான் கயிற்றை இன்னும் இறுக்குவேன். படகு இன்னும் சாயும். டீச்சர் கத்துவார்.

அந்த வருஷ முடிவில் டீச்சருக்கு ஜொகூருக்கு மாற்றல் ஆனது. கொட்டகை நிழலில் படகைத் துடைத்துக்கொண்டே சொன்னார். படகைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. லுமுட்டில் அவர் சித்தப்பா கேட்கிறார்.

"எனக்குக் குடுங்க டீச்சர்," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அப்பா செஞ்ச படகுக்கா. அதுல யாராச்சும் முழுகிச் செத்தா எனக்குத் தாங்காது. ஒண்ணு செய்ங்க. ஸ்கூல் லீவு விடுறதுக்குள்ள, தனியா, அந்தக் கரையத் தொட்டுட்டுத் திரும்பி வாங்க. கவுந்தா நீங்களே நிமித்தணும். செஞ்சிட்டா படகு உங்களுது. இல்லேன்னா லுமுட்டுக்கு ஏத்திருவேன்."

அந்தக் கரை எங்கள் கரையிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு. அன்றிலிருந்து துணி வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தக் கோடுதான் என் கண் முன்னால் நின்றது. வாழ்க்கையில் அதுவரை எனக்கு என்று நான் கேட்டு வாங்கிய பொருள் எதுவும் கிடையாது. தாலிகூட பெரியவர்கள் பார்த்துக் கட்டியதுதான். இந்தப் படகை விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் கணவருக்கு இந்த விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு முடிவு செய்தார். அடுத்த ஞாயிறு கிளம்பும்போது மோட்டாரின் பின்னால் ஒரு பெரிய கயிற்றுக் கட்டு இருந்தது. பட்டறையில் பழுதான பஸ்ஸை இழுக்க வைத்திருக்கிற கயிறு, இரண்டை முடிந்து நீளமாக்கியிருந்தார்.

"இது எதுக்கு?"

"படகுல ஒரு முனையக் கட்டுவோம். இன்னொரு முனை என் கையில. ஏதாச்சும் ஆச்சுன்னா இழுத்துருவேன்லா."

அவர் வீட்டார் லயத்தில் மாடு வளர்த்தவர்கள். சின்ன வயதில் மாட்டை நீளக் கயிற்றில் கட்டி ரப்பர் காட்டு ஓரத்தில் மேயவிடுவது அவர் வேலை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் இழுத்தால் வந்துவிடும். நானும் மாட்டுக் கயிற்றைப் பார்த்து வளர்ந்தவள்தானே. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொல்லப்போனால் நிம்மதியாகக்கூட இருந்தது. அன்று கோவிலில் ஒரு ஞானஸ்நானம் என்று டீச்சர் வரத் தாமதம். இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். படகின் பின்பக்கத்து வளையத்தில் மாட்டுக்குப் போடுகிற அதே முடிச்சை என் கணவர் போட்டார். மறுமுனையைக் கரையிலிருந்த மரத்தில் முடிந்துவிட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் தனியாகக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதுமே படகு மக்கர் செய்தது. நீளக் கயிறு தண்ணீரில் ஊறிப் பின்னால் இழுத்தது, சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினாலும் மூக்கு திரும்பவில்லை. சுண்ணாம்பு மலை இடுக்கிலிருந்து வருகிற காற்று ஒழுங்காக வராது. சும்மா இருக்கும், திடீரென்று அறையும். அது அறைந்த அதே நேரம் கயிறும் தீர்ந்தது. பின்பக்கம் மரத்தில் கட்டுண்டு நிற்கிறது, பாய் முன்னால் போகப் பார்க்கிறது. போக இடமில்லாத படகு என்ன செய்யும்? பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கவிழ்ந்தது.

ஈயக்குட்டைத் தண்ணீர் மேலே வெதுவெதுப்பு, காலடியில் ஐஸ். அதுதான் முதலில் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் எங்கும் வெள்ளை. பாயின் அடியில் இருக்கிறேன் என்று புரிந்ததும் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். கை தானாக மேலே போய்த் துணியைத் தூக்கியது, கொஞ்சம் காற்று கிடைத்தது, துணியின் தையலைப் பிடித்துக்கொண்டே ஓரம் வரை வந்து தலையை வெளியே நீட்டினேன். மிதவைச் சட்டை தூக்கி நிறுத்தியது.

கரையில் என் கணவர் முழு பலத்தோடு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கவிழ்ந்த படகு, தண்ணீர் நிறைந்த பாய், அடம்பிடிக்கிற மாடு மாதிரி ஓர் அங்குலம் வரவில்லை. இழுக்க இழுக்கப் பாய்மரம் இன்னும் கீழேதான் போனது. அப்போதுதான் டீச்சர் கோவிலுக்குக் கட்டிய சேலையோடு ஓடி வந்தார்.

"அண்ணே! கயிற விடுங்கண்ணே! அவுத்து விடுங்க!"

மரத்திலிருந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க முடியவில்லை. வாத்துக்காரர் கத்தி கொண்டுவந்து மரத்தில் வைத்து வெட்டினார். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீந்தி வந்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று சாய்ந்தார். படகு எழுந்து நின்றது. கரைக்கு வந்து சேர்ந்ததும் என் கணவரிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். "இது மாடு இல்லண்ணே. காத்து அடிச்சா போறதுக்கு வழி வேணும். கட்டிப்போட்டா கவுந்துரும்."

அவர் வெட்டிய கயிற்றைச் சுருட்டி மோட்டாரில் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "போதும்." அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார். தட்டில் சோறு போட்டால் தின்பார், தூங்குவார்.

சனிக்கிழமை இரவு சாப்பாட்டில் நான் சொன்னேன். "நீங்க என்கூட பேசாட்டியும் பரவால்ல. நாளைக்கு மோட்டார்ல கொண்டுபோய் விட்டுருங்க. இல்லேன்னா பஸ்ல போயிக்கிறேன்."

"பயமே இல்லியா ஒனக்கு?"

"நெறைய இருக்கு. அதனாலதான் போறேன். இப்ப விட்டா அந்தப் பயம் என்கூடயே இருந்துரும்."

காலையில் மோட்டாரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

அன்றிலிருந்து நான் படகு ஓட்டப் பழகவில்லை, கவிழ்க்கப் பழகினேன். டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு அதுதான் சரி என்றார். ஆழம் கழுத்தளவு இருக்கிற இடத்தில் நானே படகைச் சாய்த்துக் கவிழ்ப்பேன். மிதவைச் சட்டையோடு கை காலை அடித்துச் சுற்றி வந்து அடிப் பலகையைப் பிடிப்பேன். அதில் ஏறி நிற்க வேண்டும், விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. நம் பாரம் போதாது என்று தோன்றும். அங்கே விடாமல் சாய்ந்தபடியே இருந்தால் பாய் தண்ணீரைவிட்டு மெல்ல உரியும், அப்புறம் படகு ஒரே தூக்காக எழும். எழுந்தால் முடிந்ததா? பின்பக்கமாக உடம்பை இழுத்து உள்ளே போட வேண்டும். அது எனக்கு வரவே இல்லை. பிடிப்பேன், பாதி ஏறுவேன், வழுக்கி விழுவேன். முட்டியெல்லாம் தோல் போய், தொடை நீலம் பாரித்து, திங்கட்கிழமை மிஷினில் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். என் விஷயத்தில் அடியெல்லாம் எனக்குத்தான் விழுந்தது, ஆனால் நகர்ந்தது. ஒரு ஞாயிறு, எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை, காலை ஓர் உதை உதைத்தேன், மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு படகுக்குள் போய் விழுந்தேன். கரையில் என் கணவர் மோட்டாரின் ஹாரனை அடித்தார். படகு கவிழ்ந்த நாளிலிருந்து குட்டைக் கரையில் அவர் போட்ட முதல் சத்தம் அது.

கயிற்றை விடவும் இப்படித்தான் படித்தேன். கவிழ்ந்தாலும் எழுந்துவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு, கை தானாகத் தளர்ந்தது. பயந்த கைதான் இறுக்கும்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு, டீச்சர் பூசை முடிந்து நேரே வந்தார். காற்று அந்தக் கரையிலிருந்து எங்கள் கரைக்கு வீசிக்கொண்டிருந்தது. அதாவது போகும்போது எதிர்க்காற்று, வளைந்து வளைந்து ஏற வேண்டும். வரும்போது சுலபம். வானத்தில் மழை இல்லை. டீச்சர் என் மிதவைச் சட்டையின் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "காற்றுள்ளபோதே தூற்றிக்கோங்கக்கா," என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

தள்ளிவிட்டார்கள். இடது பக்கம் ஓட்டம், திரும்பல், குனிதல், வலது பக்கம் ஓட்டம். காற்று அறைந்தபோது கயிற்றைத் தளர்த்தினேன், படகு தலையாட்டிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன், கிளம்பியது. பாதிக் குட்டையைத் தாண்டியதும் எனக்கே நம்ப முடியவில்லை. இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு பார்வை போதும். அடுத்த காற்று மலை இடுக்கிலிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. படகு சாய்ந்தது, நான் முதுகு முதலில் தண்ணீரில்.

வெளியே தலை நீட்டியதும் கேட்டது என் கணவரின் குரல். அவர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். நீந்தத் தெரியாத மனிதர், காலணியோடு, கால்சட்டையோடு, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த லாரி டியூபை முன்னால் தள்ளிக்கொண்டு நெஞ்சளவு ஆழத்தில் நடந்து வருகிறார். டீச்சர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்.

"திரும்பிப் போங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. "நான் நிமித்திக்கிறேன்! நீங்க போங்க கரைக்கு!"

அவர் நின்றார். நான் கை காலை அடித்துப் படகின் மறுபக்கம் போனேன். பலகையில் ஏறினேன். சாய்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று தெரியும், அதனால் சாய்ந்தபடியே இருந்தேன். பாய் உரிந்தது. படகு எழுந்தது. முதல் உதையில் ஏற முடியவில்லை, இரண்டாவதில் உள்ளே விழுந்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன். படகு தானாக எங்கள் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காற்று அந்தப் பக்கம்தானே. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தனியாக நிமிர்த்தியாகிவிட்டது, யாரும் குறை சொல்லமாட்டார்கள், டீச்சர்கூட இரங்கிக் கொடுத்துவிடலாம். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. இரங்கிக் கொடுத்தது எனக்கு வேண்டாம் என்றும் தோன்றியது. சுக்கானைத் தள்ளினேன். கயிற்றை இழுத்தேன். படகின் மூக்கு வெள்ளைக் கோட்டின் பக்கம் திரும்பியது.

அந்தக் கரையில் ஒன்றும் இல்லை. மணல், கொஞ்சம் லாலாங் புல், யாரோ விட்டுப்போன துருப்பிடித்த வாளி. இறங்கி ஈரக் காலோடு மணலில் நின்றேன். எதிரே என் கணவரும் டீச்சரும் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தார்கள். பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே இருந்தார்கள்: அப்பா, தோட்டத்தில் வேலை வாங்கிய மண்டோர், மாமியார், முதலாளி, இவர். இப்போது யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, இதற்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டதே என்ற கோபத்தில். நன்றாக அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் படகைத் தள்ளி ஏறினேன்.

திரும்பும்போது காற்று முதுகில். பாயை முழுசாக விரித்து விட்டேன், வாத்துகள் வழிவிட்டன, மணலில் சரக்கென்று வந்து ஏறியது.

என் கணவர் இடுப்புக்குக் கீழே சேறும் நெஞ்சு வரை ஈரமுமாக நின்றார். படகின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். டீச்சர் படகுக்குள் குனிந்து தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தார். ஓலைத் தொப்பி. தண்ணீர் போத்தல். தண்ணீர் ஒற்றுகிற பஞ்சு ஒன்று, அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். முன்பக்கத்துப் பலகையின் உள்ளே அவர் அப்பா ஆணி அடித்து மாட்டிய மாதா படம் ஒன்று உப்புக்காற்றில் மங்கி இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"இது இருக்கட்டுமாக்கா?"

"இருக்கட்டும் டீச்சர்."

கையை எடுத்துக்கொண்டார். தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்துபோனார், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"சரி, போலாம்லா," என்றார் என் கணவர். "உடுப்பெல்லாம் ஈரம். பசிக்குது."

நான் படகின் பக்கவாட்டில் கையை வைத்தேன். வெயில் இன்னும் மலைக்கு மேலே இருந்தது. இரண்டு காதிலும் காற்று ஒரே மாதிரி கேட்டது.

"நீங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க," என்றேன். "நான் இன்னொரு தடவ போய்ட்டு வாரேன்."